பேய்க் கதை கேட்கலாமா?

சென்ற அக்டோபர் மாதக் கடைசியில், புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் நமக்கு வேண்டிய பெரியவர் ஒருவரின் இல்லத்தில் மூன்று நாட்கள் தங்க நேர்ந்தது. சென்னையிலிருந்து அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தனர். மூத்த பேரனுக்குப் பதினொரு வயது. அவன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் 'ஹாலோவீன்' என்று ஒன்றைக் கொண்டாடினார்களாம். எலும்புக்கூட்டு முகமூடியும் கறுப்பு அங்கியுமாகப் பிள்ளைகளை வரச் சொல்லிப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்த முகமூடியை ஊருக்கும் கொண்டு வந்திருந்தான்.

இஷாத் தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மின்சாரம் நின்றுபோனது. பையன் தன் தாயின் செல்போனை நடுவில் வைத்து ஒரு பேய்க் கதையை ஓடவிட்டான். இப்போதெல்லாம் இப்படிக் கதை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். தாழ்ந்த குரலில், பின்னால் காற்றும் நாய் ஊளையும் ஒலிக்க, 'இது உண்மையில் நடந்தது' என்ற உறுதிமொழியோடு சொல்லுகிறார்கள். புளிய மரத்தடியில் தூக்கிட்டுக் கொண்ட பெண் ஒருத்தி வழிப்போக்கரிடம் தண்ணீர் கேட்கும் கதை. சரியாக அந்த இடத்தில் வெளியே மயில் ஒன்று அகவிற்று. விராலிமலைப் பக்கத்து ஊர்களில் மயிலுக்குப் பஞ்சமில்லை. இரவில் அது கத்தினால், பழக்கமில்லாத காதுக்குப் பெண்பிள்ளை அலறுவது போலவே இருக்கும். பிள்ளைகள் வீரிட்டுத் தாயின் மீது விழுந்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு. நாமும் சிரித்தோம்.

கதை முடிந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு பெரியவரின் மனைவி, பிள்ளைகளின் நன்னி, மெல்ல உள்ளறைப் பக்கம் தலையைத் திருப்பினார். அந்த அறையில் பெரியவரின் தம்பி மகள் இருந்தாள். இருபது வயதுப் பெண். ஐந்தாறு மாதமாகச் சரியான உணவில்லை, உறக்கமில்லை, தனக்குத்தானே பேசிக் கொள்கிறாள் என்று முன்னரே நம்மிடம் சொல்லியிருந்தார்கள். நன்னி சொன்னார்: "ஹஜ்ரத், அந்தக் கதையிலே சொன்னாங்களே, அதேதான் இவளுக்கும். மஃரிபு நேரத்துலே தலையை விரிச்சுப் போட்டுக் கொல்லையிலே நின்னா. அன்னைக்குப் பிடிச்சது."

சுற்றி இருந்த யாரும் மறுத்துப் பேசவில்லை. பதினொரு வயதுப் பையன் அந்த அறைக் கதவைப் பார்த்த பார்வை இன்னும் நம் கண்ணில் இருக்கிறது.

பேய்க் கதை கேட்பது ஆகுமா ஆகாதா என்று வாசகர்கள் கேட்பதுண்டு. அன்றுவரை நாம் அதற்கு எளிதாகவே விடை சொல்லி வந்தோம். நேரத்தை வீணாக்காதீர்கள், தொழுகைக்கு இடையூறு இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள், மற்றபடி கதைதானே என்போம். அந்த விடை போதாது என்று அத்திண்ணையில்தான் நமக்குப் பட்டது.

முதலில், கதை என்ற ஒன்றையே மார்க்கம் வெறுக்கிறது என்று எவரும் எண்ண வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியருக்கு ஓரிரவு கதை சொன்னதாகவும், அதைக் கேட்ட ஒருவர் இது குராஃபாவின் கதை போல் இருக்கிறதே என்றதாகவும், அப்போது அந்த குராஃபா யார் என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாகவும் ஷமாயில் திர்மிதியில் ஓர் அறிவிப்பு வருகிறது. உத்ரா கோத்திரத்து மனிதர் அவர். ஜின்களால் கொண்டு செல்லப்பட்டுச் சில காலம் அவர்களிடையே இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தாம் கண்டதை எல்லாம் மக்களுக்குச் சொன்னவர். இவ்வறிவிப்பின் தொடரில் குறை கண்டோர் உண்டு. ஆயினும் நாம் 'குராஃபாத்' என்று இன்று ஆத்திரத்தோடு ஒருவரையொருவர் ஏசிக் கொள்ளும் சொல், இரவில் சொல்லப்பட்ட ஓர் அதிசயக் கதையின் நாயகர் பெயரிலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி அன்றோ!

நம் முன்னோரும் இரவெல்லாம் கிஸ்ஸாப் பாட்டுக் கேட்டவர்களே. அவற்றில் ஜின்னும் உண்டு, தேவும் உண்டு, பறக்கும் கம்பளமும் உண்டு. கேட்டவர்கள் யாரும் மறுநாள் கம்பளத்தைத் தேடிக் கொண்டு போகவில்லை.

ஆக, கதை என்பது குற்றமன்று. அது எங்கே நிற்கிறது என்பதே வினா.

மேல்நாட்டார் ஹாலோவீன் இரவில் பேய் வேடமிட்டு மகிழ்வதைப் பாருங்கள். பூசணிக்காயைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கிறார்கள். அயர்லாந்தில் முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்தார்களாம். அமெரிக்காவுக்குக் குடியேறிய பின் பூசணி கைக்கு எளிதாகக் கிடைத்தது. சிங்கப்பூரிலே யுனிவர்சல் ஸ்டூடியோ பூங்காவில் 2011 முதல் அக்டோபர் மாதத்தில் திகில் இரவுகள் நடத்துகிறார்கள். சீட்டு வாங்கிக் கொண்டு போய் அலறிவிட்டு வருகிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து அங்கு பிழைக்கப் போன பிள்ளைகளும் போய் வந்து கதை கதையாகச் சொல்லுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு இது விளையாட்டு. பேய் இல்லை என்று மனம் துணிந்த பிறகு பேயோடு விளையாடுகிறார்கள். காகிதப் புலியோடு குழந்தை விளையாடுவதற்கு ஒப்பானது அது.

நம் நிலை அப்படியா? நாம் ஜின் உண்டு என்று ஈமான் கொண்டவர்கள். திருமறையில் அவர்கள் பெயராலேயே 72ஆவது சூரா இறங்கியிருக்கிறது. மறைவானவற்றை நம்புவது நமது மார்க்கத்தின் அடிப்படை. அதனால் நம் வீட்டில் பேய்க் கதை வெறும் கதையாக நிற்பதில்லை. கேட்டவுடன் அது அகீதாவின் வாசலில் வந்து நின்று, 'நானும் இவ்வீட்டுப் பிள்ளைதான், உள்ளே விடுங்கள்' என்கிறது. நாமும் கதவைத் திறந்து விடுகிறோம். 'பேய் என்று இந்துக்கள் சொல்வதைத்தானே நாம் ஜின் என்கிறோம்' என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறோம்.

அப்படி அன்று. புளிய மரத்தில் தொங்கும் பெண் என்பவள் யார்? இறந்துபோன ஒருத்தியின் ஆவி; பழி தீர்க்கும் வரை உலகை விட்டுப் போகாமல் சுற்றுபவள். இதே கதை அரபு நாட்டிலும் இருந்தது. கொலையுண்டவனின் தலையிலிருந்து ஆந்தை போன்ற பறவை ஒன்று வெளிப்பட்டு, பழி வாங்கப்படும் வரை தன் தாகத்தைத் தணிக்குமாறு கத்திக் கொண்டு திரியும் என்று ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் நம்பினார்கள். அதற்கு 'ஹாமா' என்று பெயர். வழிப்போக்கரிடம் தண்ணீர் கேட்கும் பெண்ணின் கதையைச் செல்போனில் கேட்டபோது நமக்கு ஹாமாவே நினைவுக்கு வந்தது. அந்த ஹாமா இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அந்த ஹதீஸ் உள்ளது. பாலைவனத்தில் வழி தவறச் செய்யும் 'கூல்' என்னும் பூதத்தைப் பற்றியும் அவ்வாறே சொன்னார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கூல் என்ற படைப்பே இல்லை என்று பொருளா, அதற்கு வழி கெடுக்கும் சக்தி இல்லை என்று பொருளா என்று விரிவுரையாளர்கள் பேசியிருக்கிறார்கள். எப்படிக் கொண்டாலும் அச்சத்துக்கு அங்கே இடமில்லை. இறந்தவரின் ரூஹு பர்ஸக் உலகுக்குரியது, கொல்லைப்புறத்துக்கு உரியதன்று.

இனி ஜின்களைப் பற்றித் திருமறை சொல்வதையாவது நாம் முழுதாகப் படித்திருக்கிறோமா? சுலைமான் நபி (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்தபடியே வஃபாத்தானார்கள். அவர்கள் ஏவிய கடினமான வேலையை ஜின்கள் செய்து கொண்டே இருந்தன. கறையான் தடியை அரித்து, அவர்களின் உடல் சாய்ந்த பிறகே ஜின்களுக்கு விஷயம் விளங்கிற்று. மறைவானது தெரிந்திருந்தால் அந்த வேதனையில் இருந்திருக்க மாட்டோமே என்று உணர்ந்தன. ஸபா சூராவில் உள்ள செய்தி இது. எதிரே நிற்கும் ஒருவர் இறந்ததை அறிய ஒரு கறையான் உதவ வேண்டியிருந்த படைப்பு, உங்கள் மகளுக்குக் கல்யாணம் எப்போது என்றும் மருமகன் எங்கே பணத்தை ஒளித்தான் என்றும் சொல்லப் போகிறதாம்!

அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஸதக்காப் பொருளுக்குக் காவல் இருந்த நிகழ்ச்சி அனைவரும் அறிந்ததே. மூன்று இரவுகள் திருட வந்தவனைக் கையாலேயே பிடித்தார்கள். வந்தவன் ஷைத்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அங்கே கெஞ்சியது யார்? விட்டுவிடும்படி மன்றாடியது யார்? நம் பேய்ப் படங்களில் நடப்பதற்கு நேர் எதிர் அன்றோ இது!

ஜின்களிடம் அடைக்கலம் தேடிய மனிதர்களைப் பற்றியும் ஜின் சூராவிலேயே வருகிறது. பயணத்தில் இருட்டிவிட்டால் அரபிகள் பள்ளத்தாக்கில் இறங்கும்போது, இந்தப் பள்ளத்தாக்கின் தலைவனிடம் காவல் தேடுகிறேன் என்று உரக்கச் சொல்வார்களாம். அப்படித் தேடியதால் கிடைத்தது காவலன்று; மமதையும் திகிலும் பெருகியதே மிச்சம் என்று இறைவன் அறிவிக்கிறான். பயப்படுகிறவன் கொடுக்கும் பயமே மற்றவனைத் தலைவனாக்குகிறது. இதை எழுதும்போது, உங்கள் வீட்டு நிலைப்படியில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துக் கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

திரைப்படங்களைப் பற்றிச் சிறிது. 1978இல் வெளிவந்த விட்டலாச்சாரியாவின் ஜெகன்மோகினியைப் பார்த்துப் பயந்த தலைமுறை இன்று நன்னாவும் நன்னியுமாகிவிட்டது. 2005இல் வந்த சந்திரமுகியை அறியாதார் இல்லை. 1993ஆம் ஆண்டின் மணிச்சித்திரத்தாழ் என்ற மலையாளப் படத்தின் வழி வந்தது அது. அந்தக் கதையில் பேயே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு பெண்ணின் மனநோய்தான் கதை. படமே அதைச் சொல்லுகிறது. மருத்துவர் ஒருவரையும் கொண்டு வந்து நிறுத்துகிறது. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் கேளுங்கள். 'பேய் பிடித்து ஆடுகிறாளே, அந்தப் படம்' என்பார். மருத்துவர் சொன்னது காற்றோடு போயிற்று. சலங்கை ஒலிதான் நின்றது. மனம் எதை எடுத்து வைத்துக் கொள்ளும் என்பது சொல்பவனின் கையில் இல்லை.

இதில் நமக்கு மட்டும் பங்கில்லை என்று சொல்ல முடியாது. மதரஸாவில் ஓதிய காலத்தில், விளக்கணைத்த பிறகு ஜின் கதை சொல்லிச் சிறிய மாணவர்களைத் தஹஜ்ஜுது வரை தூங்கவிடாமல் செய்தவர்களில் நாமும் ஒருவர். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்ற ஹதீஸை அன்று பகலில்தான் பாடமாக ஓதியிருப்போம்!

'அமுக்குவான் பேய்' என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். உறக்கத்தில் விழிப்பு வரும். கை கால் அசையாது. நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்திருப்பது போலிருக்கும். அறை மூலையில் ஓர் உருவம் நிற்பதாகவும் தோன்றும். ஓதிப் பார்க்கச் சொல்லி நம்மிடம் வருவோரில் இதைச் சொல்லி வருவோர் மிகுதி. கனவு காணும் உறக்கத்தின்போது உடம்பின் தசைகள் தாமாகத் தளர்ந்து செயலற்று இருக்கும்படி அல்லாஹ் அமைத்திருக்கிறான். இல்லையேல் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக் கொள்வான். சில வேளை, தசைக்கட்டு அவிழும் முன்பே மூளை விழித்துவிடுகிறது. அவ்வளவே. தூக்கக் குறைவும், மல்லாந்து படுப்பதும், மனக்கவலையும் இதை மிகுவிக்கும். இரவு 12 மணிவரை செல்போனில் திகில் கதை கேட்டவனுக்கு அந்த மூலையில் எந்த உருவம் நிற்கும் என்று சொல்லவும் வேண்டுமா? இது புதிதாக வந்த வெள்ளைக்காரன் ஆராய்ச்சி என்று ஒதுக்க வேண்டாம். 1037இல் மறைந்த இப்னு ஸீனா தமது மருத்துவ நூலாகிய அல்கானூனில் 'காபூஸ்' என்ற பெயரில் இதனைத் தலையைச் சார்ந்த நோய்களின் வரிசையில் வைத்தே எழுதியிருக்கிறார். சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. ஜின்னை நம்பிய முஸ்லிம்கள்தாம் அவற்றைச் செய்தார்கள். நம்பிக்கையையும் நோயையும் அவர்கள் குழப்பிக் கொள்ளவில்லை.

நாம் குழப்பிக் கொண்டோம். அதன் விலையை நாம் கொடுக்கவில்லை. பேச முடியாதவர்கள் கொடுத்தார்கள்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லித் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடிற்று. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று திட்டமாகத் தடுத்திருக்கிறது. அங்கு கட்டிக் கிடந்தவர்களில் நம்மவரும் இருந்தார்கள், பிற சமயத்தாரும் இருந்தார்கள். தூரத்து ஊர்களிலிருந்து தாய் தகப்பன் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள். அந்தப் பெற்றோர் எல்லாரும் கொடியவர்களா? அல்லர். தம் பிள்ளைக்கு நோய் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 'அது' பிடித்திருக்கிறது என்றே சொன்னார்கள். அதைச் சொன்ன வாய்கள் அந்தச் சொல்லை எங்கே கற்றன? திண்ணையில், கொட்டகையில், படுக்கையில், கதை கேட்டுக் கேட்டுத்தானே!

ஒரு கதை ஒரு சங்கிலியைப் பூட்டிவிடுமா என்று கேட்பீர்கள். பூட்டாது. ஆயிரம் கதைகள் சேர்ந்து, சங்கிலியைப் பார்க்கும் கண்ணுக்கு அது இயல்பானது என்று பழக்கிவிடும். நாம் சொல்ல வந்தது அவ்வளவே.

இங்கே நம்முடைய பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊர்ப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தபோது, ஒரு பையனை நம்மிடம் கூட்டி வந்தார்கள். திடீரென விழுந்து, வாயில் நுரை தள்ளி, உடல் வெட்டி இழுத்தது என்றார்கள். நாம் ஓதி ஊதினோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். அடுத்த வாரமும் வரச் சொன்னோம். மருத்துவரிடம் போங்கள் என்று நம் வாயில் வரவே இல்லை. வந்த மரியாதையும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக் கொள்கிறோம். நான்கு மாதம் வந்தார்கள். ஐந்தாம் மாதம் கிணற்றடியில் நிற்கும்போது வலிப்பு வந்து விழுந்து, பையனுக்குக் கை முறிந்தது. கிணற்றுக்குள் விழவில்லை, அல்ஹம்து லில்லாஹ். எலும்பு கட்டப் போன இடத்தில்தான் வலிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதன் பின் வலிப்பு வரவே இல்லையாம். அந்தப் பையனின் அத்தா நம்மீது ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றும் பெருநாளைக்குப் பெருநாள் ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஓதிப் பார்ப்பது சுன்னத்து. அதை நாம் மறுக்கவில்லை, மறுக்கவும் கூடாது. நோய்க்கு மருந்து செய்து கொள்ளும்படி ஏவியதும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம்.

பயமுறுத்திச் சிரிப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் பெங்களூரில் கல்லூரிப் பிள்ளைகள் எழுவரைப் போலீசார் பிடித்தார்கள். வெள்ளை அங்கியும் விரித்த தலையுமாகப் பேய் வேடமிட்டு, இரவில் சாலையில் போவோரை மிரட்டிப் படம் பிடித்திருக்கிறார்கள். செய்தியில் பெயர்களைப் படித்தபோது நமக்குத் தலை குனிவாக இருந்தது. அவை நம் வீட்டுப் பெயர்களாக இருந்தன. நாயகம் (ஸல்) அவர்களுடன் பயணம் சென்ற தோழர்களில் ஒருவர் உறங்கிவிட்டார். அவரிடம் இருந்த கயிறு ஒன்றை வேறொருவர் போய் எடுத்தார். உறங்கியவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது எந்த முஸ்லிமுக்கும் ஆகுமானதன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது கூறியதாக அபூதாவூதில் வருகிறது. ஒரு கயிற்றுக்கே இப்படி! இருதய நோயாளி ஒருவர் ஸ்கூட்டரில் வரும்போது எதிரே வெள்ளைத் துணியோடு பாய்வதை என்னவென்பது?

பிள்ளைகளைப் பூச்சாண்டி காட்டிச் சோறூட்டும் தாய்மாரும் இதைச் சிறிது எண்ணிப் பார்க்கட்டும். பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், ஷைத்தான்கள் பரவும் நேரம் என்ற ஹதீஸை வைத்துக் கொண்டுதான் இரவு முழுவதும் மிரட்டுகிறோம். அதே ஹதீஸில், இரவில் சற்று நேரம் கழிந்ததும் பிள்ளைகளை விட்டுவிடும்படியும் இருக்கிறது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவைச் சாத்துங்கள், சாத்திய கதவை ஷைத்தான் திறக்க மாட்டான் என்றும் இருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொன்ன உபதேசத்தைத் தூங்கவிடாத உபதேசமாக மாற்றியது நாம்தாம்.

ஆவூரில் நாம் இருந்த மூன்றாம் நாள், நவம்பர் 2. அவ்வூரில் பெரியநாயகி மாதா கோயில் பழமையானது. இயேசு சபைப் பாதிரிமார் மதுரைப் பக்கமெல்லாம் சுற்றி வந்த காலத்திலிருந்து அங்கே கத்தோலிக்கர்கள் இருந்து வருகிறார்கள். அன்று அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். மாலையில் பெரியவரோடு நடந்து போனபோது கையில் மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவுமாகக் குடும்பம் குடும்பமாகப் போய்க் கொண்டிருந்தார்கள். பெரியவரைக் கண்டு நின்ற முதியவர் ஒருவர், "பாய், எங்கப்பாவைப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். இறந்து எத்தனை காலமோ! பக்கத்துத் தெருவில் இருப்பவரைப் போய்ப் பார்க்கும் தோரணையில் சொன்னார்.

ஹாலோவீன் என்ற பெயரே இந்தத் திருநாளின் குடும்பத்தைச் சேர்ந்தது. நவம்பர் 1 அவர்களுக்குச் சகல புனிதர் திருநாள். அதற்கு முந்தைய இரவே ஹாலோவீன். மறுநாள் இறந்தோர் அனைவரின் நினைவு. அவர்களுடைய கொள்கை வேறு, நம்முடையது வேறு. பிறர் திருநாளைப் பாவனை செய்வது கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சென்னையில் அந்தப் பையன் அறிந்தது எலும்புக்கூட்டு முகமூடியை. அவன் நன்னா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, மூலத் திருநாளில் முகமூடியே இல்லை. இறந்தவர்களை நினைத்து அழுகிறவர்கள் அவர்களுக்குப் பயப்படுவதில்லை.

கப்ருகளுக்குப் போவதை முதலில் தடுத்த நாயகம் (ஸல்) அவர்கள், பிறகு அனுமதித்து, அது மறுமையை நினைவூட்டும் என்றார்கள். கப்ருவாசிகளுக்கு ஸலாம் சொல்லக் கற்றுத் தந்தார்கள். ஸலாம் சொல்லப்படுகிறவரை எண்ணி நடுங்குவது எப்படிப் பொருந்தும்? கபர்ஸ்தான் வழியே இரவில் போக அஞ்சுகிறோம். அங்கே படுத்திருப்பவர் நம் நன்னா. நம்மைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அஞ்ச வேண்டியது அங்கே நமக்குக் காத்திருக்கும் கேள்விகளுக்கு. அந்த அச்சத்தைச் செலவிட வேண்டிய இடத்தில் செலவிடாமல் புளிய மரத்தடியில் கொட்டிவிட்டு வருகிறோம். பேய்க் கதை கேட்டு நடுங்கியவர்களில் எத்தனை பேர், விடுபட்ட ஒரு சுபுஹுக்காக அப்படி நடுங்கியிருக்கிறோம்?

அன்றிரவு பெரியவர் கேட்டார்: "ஹஜ்ரத், பிள்ளைங்க அந்தக் கதையைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிறட்டுமா?" நாம் சொன்னோம்: "கதை கேக்கட்டும், அத்தா. இது உண்மையில் நடந்ததுன்னு சொல்ற கதை வேண்டாம். படுக்கப் போற நேரத்துலேயும் வேண்டாம். அந்தப் புள்ளை அறையிலே இருக்கும்போது வேண்டவே வேண்டாம்." நன்னிக்கு இது பிடிக்கவில்லை. "எங்க காலத்துலே இதையெல்லாம் கேட்டுத்தானே வளந்தோம்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்; அதனால்தான் ஹஜ்ரத்தைக் கேட்ட பிறகு ஆஸ்பத்திரி என்ற வரிசை அந்த வீட்டில் இருந்தது.

வரிசையை மாற்ற இரண்டு நாள் பிடித்தது. ஜின் இல்லை என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. சொன்னால் நன்னி நம்மை வீட்டை விட்டே அனுப்பியிருப்பார், அனுப்பியிருக்கவும் வேண்டும். ஜின் உண்டு, நோயும் உண்டு, நோயைப் பார்க்கத் தெரிந்தவர் புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னோம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். தாயாரும் நன்னியும் கூடப் போனார்கள். மருத்துவர் அந்தப் பெண்ணிடமே பேசினாராம், கூட வந்தவர்களிடம் அல்ல. ஐந்தாறு மாதத்தில் அவளைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டது அதுவே முதல் முறை என்று பெரியவர் போனில் சொன்னார்.

மறு வாரம் நன்னி ஆள் அனுப்பினார். ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் மாத்திரை அட்டைகள். மருத்துவர் தந்ததுதான், ஆனாலும் ஹஜ்ரத் ஒரு தடவை ஓதித் தந்தால்தான் மனசு அமைதியாகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஃபாத்திஹாவும் மூன்று குல்லும் ஓதி, ஒருவேளையும் தவறாமல் கொடுக்கச் சொல்லி, அதே பொட்டலத்தில் கட்டித் திருப்பி அனுப்பினோம்.